பனியாறு கடலில் இறங்கும் இடங்கள்: வாசகர் கேள்வி – பதில்

வடதுருவப் பகுதியின் ஃபியோர்டுகளையும் பனியாறுகளையும் நேரில் காணச் செல்வது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்கள் கணிசமாகச் சேர்ந்துவிட்டன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

நானும் என் மனைவியும் பத்து நாள் விடுப்பில் ஃபியோர்டு, பனியாறு இரண்டையும் பார்க்க விரும்புகிறோம். பயண முகவர் நார்வேயின் கெய்ராங்கருக்குப் போகச் சொல்கிறார். நண்பர் ஸ்வால்பார்ட் என்கிறார். மைத்துனரோ கிரீன்லாந்துதான் என்று அடித்துச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றுமே பார்க்கத்தக்க இடங்கள்தாம். ஆனால் மூன்றும் ஒரே காட்சியைத் தருவன அல்ல என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஃபியோர்டு என்பது, பனியாறு தன் எடையாலும் அடியில் அரைத்து இழுத்துச் செல்லும் பாறைத் துண்டுகளாலும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குடைந்தெடுத்த பள்ளத்தாக்கு. பனி பின்வாங்கிய பிறகு அதனுள் கடல் புகுந்துகொள்கிறது. அதன் சுவர்கள் செங்குத்தாக நிற்பதற்கும், வாய்ப்பகுதியைவிட உட்பகுதி பன்மடங்கு ஆழமாக இருப்பதற்கும் இதுவே காரணம். நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள சோக்னேஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், மிக ஆழமான இடத்தில் 1,300 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்டது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுகளும் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. இவை அனைத்தும் வடதுருவ வட்டத்துக்குப் பல நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கின்றன. இவற்றைக் குடைந்த பனியாறுகள் தம் வேலையை முடித்துக்கொண்டு போய்ப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே நீங்கள் காண்பது பச்சை மலைச்சரிவுகளும் அருவிகளும் நிறைந்த, பணி முடிந்த ஒரு கட்டடம். ஸ்வால்பார்டிலும் கிரீன்லாந்திலும் அந்தக் கட்டுமானம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பனியாறு கடலைத் தொடும் இடத்தைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால், 74 முதல் 81 பாகை வரையிலான வட அட்சங்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் பொருத்தமானது. அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு பனியாறுகளால் மூடப்பட்டிருக்கிறது. அங்குள்ள முக்கியக் குடியிருப்பான லாங்யியர்பியென், இஸ்ஃபியோர்டின் கிளையொன்றின் கரையில் அமைந்திருப்பதால், அங்கிருந்து பகல்நேரப் படகிலேயே பில்லேஃபியோர்டின் நூர்டென்ஷோல்ட் பனியாறு வரை சென்று திரும்பலாம். ஓஸ்லோவிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் லாங்யியர்பியெனில் இறங்கிவிடலாம் என்பது மற்றொரு வசதி.

கிரீன்லாந்தின் இலுலிசாட் வேறு வகை. அங்கே பனியாற்றின் முகப்பு ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செர்மெக் குயாலெக் என்ற பனியாறு, உலகின் மிக விரைவாக நகரும் பனியாறுகளுள் ஒன்றாக, உடைத்து அனுப்பும் பெரும் பனிப்பாறைகள் அனைத்தும் ஃபியோர்டின் வழியாக மிதந்துவந்து, வாயருகே கடலடியில் உள்ள மேட்டில் தட்டி நின்றுவிடுகின்றன. உருகிச் சிறுத்த பிறகோ, பின்னால் வருபவை தள்ளிய பிறகோதான் அவை டிஸ்கோ விரிகுடாவுக்குள் நுழைகின்றன. ஊரின் விளிம்பிலிருந்து மரப்பலகைப் பாதையில் நடந்துபோய் இந்தக் காட்சியைக் காணலாம். கப்பல் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. 2004 முதல் இதுவும் உலகப் பாரம்பரியத் தலம்.

செலவைக் குறைக்க எண்ணுவோருக்கு நான்காவது வழியும் உண்டு. வடதுருவ வட்டத்துக்குச் சற்று வடக்கே உள்ள ஸ்வார்ட்டிசென் பனிப்பரப்பின் கிளையான எங்காபிரேன் பனியாற்றையோ, வட நார்வே நகரான துரோம்சோவுக்குக் கிழக்கே லிங்கென் தீபகற்பத்தின் ஸ்டெய்ன்டால் பனியாற்றையோ நார்வே நிலப்பகுதியிலேயே பார்த்துவிடலாம். இவை கடலைத் தொடுவதில்லை. ஆனால் ஃபியோர்டும் பனியும் ஒரே நாளில் கண்ணுக்குக் கிடைக்கும்.

பத்து நாளில் இரண்டு நாடுகளைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். மூடுபனியால் விமானம் ரத்தாவதும் காற்றால் படகு கிளம்பாமல் போவதும் இந்தப் பகுதியில் அன்றாட நடப்பு. கையிருப்பாக இரண்டு நாள் இல்லாத திட்டம் முதல் தடையிலேயே கலைந்துவிடும். உங்கள் மனைவிக்குக் கடற்பயணம் ஒத்துக்கொள்ளும் என்றால் ஸ்வால்பார்ட், ஒத்துக்கொள்ளாது என்றால் இலுலிசாட் என்பதே என் கருத்து.

ஸ்வால்பார்டுக்கு விசாவே தேவையில்லை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

பாதி உண்மை, அந்தப் பாதியை நம்பிப் பயணச்சீட்டு வாங்கினால் விமான நிலையத்திலேயே திரும்ப நேரிடும். 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கை, தீவுக்கூட்டத்தின் மீதான இறையாண்மையை நார்வேக்கு வழங்கிய அதே வேளையில், உடன்படிக்கையில் இணைந்த நாடுகளின் குடிமக்களுக்குச் சம உரிமைகளையும் உறுதிசெய்தது. தொடக்கத்திலேயே கையெழுத்திட்டோரில் அன்றைய பிரித்தானியப் பேரரசின் பகுதியாக இந்தியாவும் இருந்தது. ஸ்வால்பார்டில் கால்வைக்க நார்வே யாரிடமும் விசா கேட்பதில்லை என்பது சரிதான்.

ஆனால் பயணிகள் விமானங்கள் ஓஸ்லோ அல்லது துரோம்சோ வழியாகவே செல்கின்றன. நார்வே, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் சென்றுவர வழிசெய்யும் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே இருக்கிறது. எனவே லாங்யியர்பியெனுக்குப் பறப்பது ஷெங்கனைவிட்டு வெளியேறுவதாகவும், திரும்பி வருவது மீண்டும் நுழைவதாகவும் கணக்கில் வரும். ஷெங்கன் விசா தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருப்போர் இருமுறை அல்லது பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவையே கேட்டுப் பெற வேண்டும். விண்ணப்பத்திலேயே ஸ்வால்பார்ட் பயணத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு, போக வர உள்ள பயணச்சீட்டுகளின் நகலை இணைத்துவிடுங்கள்.

கிரீன்லாந்தும் ஷெங்கனுக்கு வெளியேதான். அது டென்மார்க் அரசுக்கு உட்பட்டதென்றாலும், சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கிரீன்லாந்துக்குச் செல்லும் என்ற குறிப்பு உங்கள் விசாவில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

நள்ளிரவுச் சூரியன், வடதுருவ ஒளி, பனியாறு மூன்றையும் ஒரே பயணத்தில் காண எந்த மாதம் ஏற்றது?

அப்படியொரு மாதம் இல்லை. லாங்யியர்பியெனில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை; அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அது எழுவதே இல்லை. வடதுருவ ஒளி கோடையிலும் வானத்தில் இருக்கக்கூடும், ஆனால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே சிப்பத்தில் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைக் கண்டால் அந்த நிறுவனத்தின் மற்ற வாக்குறுதிகளையும் ஐயத்துடன் பாருங்கள்.

படகில் ஃபியோர்டுகளுக்குள் செல்ல ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை காலம். ஜூன் முற்பகுதியில் மலைகள் இன்னும் வெண்பனி போர்த்தி அழகாக இருக்கும். ஆனால் சில ஃபியோர்டுகளின் உட்பகுதி குளிர்காலக் கடற்பனியால் அடைபட்டிருக்கலாம். ஜூலை பிற்பகுதியிலும் ஆகஸ்டிலும் கடற்பனி விலகி, கப்பல்கள் வடக்கிலும் கிழக்கிலும் தொலைவாகச் செல்ல முடியும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் படகுக்குப் பதில் பனிச்சறுக்கு ஸ்கூட்டரில் பனியாறுகளின் மேல் பயணம் செய்யலாம். கடும் குளிரைத் தாங்குவோருக்கு அது தனி அனுபவம். வடதுருவ ஒளியும் ஃபியோர்டும் போதும், பனிச்சுவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்போர் செப்டம்பர் பிற்பகுதியில் துரோம்சோவுக்குச் செல்லலாம். அப்போது இரவுகள் போதிய அளவு இருட்டியிருக்கும், கடலும் உறைவதில்லை.

மூவாயிரம் பேர் செல்லும் பெரிய கப்பலில் கட்டணம் குறைவாக இருக்கிறது. சிறிய கப்பலில் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். வேறுபாடு அறை வசதியில் மட்டும்தானா?

அறை வசதியைப் பார்த்தால் பெரிய கப்பலே மேல். வேறுபாடு நீங்கள் எங்கே போக முடியும் என்பதில் இருக்கிறது. ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் விதிகளின்படி, இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் நுழையக் கூடாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்குவதும் 43 குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. தீவுக்கூட்டத்தின் பெரும்பகுதி பாதுகாப்புப் பகுதிதான் என்பதால், பெரிய கப்பலில் வருபவர்கள் லாங்யியர்பியென் துறையையும் திறந்திருக்கும் சில ஃபியோர்டுகளையும் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். 2022 முதல் ஸ்வால்பார்டின் கடல் எல்லைக்குள் கன எரிஎண்ணெய் பயன்படுத்தவும் தடை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெரிய கப்பலில் போய்வந்தவர் சொல்லும் பயணத்திட்டம் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சிறிய கப்பலிலும் கவனிக்க வேண்டியது உண்டு. நூறு பேருக்குக் குறைவாக உள்ள கப்பலில் எல்லோரும் ரப்பர் படகுகளில் ஏறி ஒரே வேளையில் பனியாற்றின் முன் செல்ல முடியும். அதற்கு மேலானால் முறைவைத்துப் போக வேண்டியிருக்கும், பாதி நேரம் கப்பலின் தளத்தில் காத்திருப்பதிலேயே கழியும். எனவே கப்பலின் பெயரைவிட, ஒரு வேளைக்கு எத்தனை பேர் இறக்கப்படுகிறார்கள், எத்தனை வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள் என்பதைக் கேளுங்கள். ஃபியோர்டுக்குள் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒரு ஃபியோர்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது திறந்த கடலில்தான் சிறிய கப்பல் உருளும். குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு விழுங்குவதில் பயனில்லை. முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணத்திட்டத்தில் அச்சிட்டிருக்கும் ஃபியோர்டுகளின் பெயர்களை உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம். பனியும் காற்றும் பார்த்து அன்றன்று காலையில் கப்பல் தலைவர் எடுப்பதே முடிவு. பெயர்ப்பட்டியலை மட்டும் ஒப்பிட்டுச் சீட்டு வாங்குவோர்தான் பெரும்பாலும் மனக்குறையோடு திரும்புகிறார்கள்.

போய்வந்த உறவினர் காட்டிய படங்களில் படகு பனிச்சுவரின் காலடியில் நிற்பதுபோல் இருக்கிறது. எவ்வளவு அருகில் போவார்கள்? உடைந்து விழும்போது ஆபத்து இல்லையா?

அந்தப் படங்கள் தொலைநோக்கு வில்லையால் எடுக்கப்பட்டவையாக இருக்கும். அது பின்னணியை இழுத்துக்கொண்டுவந்து படகின் முதுகில் ஒட்டிவிடும். நேரில் நிற்பவரையும் அந்தக் காட்சி ஏமாற்றத்தான் செய்கிறது. அங்கே மரமோ வீடோ மின்கம்பமோ எதுவும் இல்லை; காற்றில் தூசியும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாததால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாற்பது மீட்டர்ச் சுவர் பக்கத்துத் தெருவின் மதில்போலத் தோன்றும். தொலைவை அறிய நம்பகமான வழி காதுதான். பனிக்கட்டி ஒன்று பெயர்ந்து விழுவதைக் கண்ட நொடியிலிருந்து அதன் முழக்கம் கேட்கும் வரை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். எண்ணிப் பார்த்த பிறகு, மேலும் நெருங்கும்படி படகோட்டியை நச்சரிப்பவர்களும் அடங்கிவிடுவார்கள்.

ஆபத்து மூன்று வழிகளில் வருகிறது. மேலிருந்து விழும் பனி தெறித்துப் படகின் மீது பாயலாம். விழுந்த பனி எழுப்பும் அலை, ஆழம் குறைந்த கரையை அடையும்போது உயர்ந்து, அங்கே நிற்பவர்களை அடித்துக்கொண்டு போகலாம். பலரும் எதிர்பாராதது மூன்றாவது: நீருக்கடியில் இருக்கும் பனிமுகப்பிலிருந்து பெயரும் கட்டி, எச்சரிக்கை ஏதுமின்றி, சுவருக்குச் சற்றுத் தள்ளிக் கடலைப் பிளந்துகொண்டு மேலே எழும்பும். 2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்வால்பார்டின் தென்பகுதியில் ஹூர்ன்சுண்ட் ஃபியோர்டில், பனிமுகப்புக்கு மிக அருகில் சென்ற ஒரு பயணிக் கப்பலில் பலர் காயமடைந்தனர். பொறுப்புள்ள வழிகாட்டிகள் இன்று பல நூறு மீட்டர் தள்ளியே நிறுத்துகிறார்கள். படகின் முனையை எப்போதும் வெளியேறும் திசைக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள். இலுலிசாட்டின் செர்மெர்மியுட் கரையில், அலை ஆபத்து காரணமாகக் கடற்கரைக்கு இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். கடல் கண்ணாடிபோல் கிடப்பதைப் பார்த்துவிட்டு அதை மீறி இறங்குபவர்கள் உண்டு. நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டாம்.

இன்னும் பெரிய அளவிலும் இது நடக்கிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று கிழக்குக் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில், மலையடிவாரத்தைத் தாங்கி நின்ற பனியாறு மெலிந்துபோனதால் மலையின் ஒரு பகுதியே சரிந்து விழுந்தது. சுமார் 200 மீட்டர் உயரத்துக்கு அலை எழுந்தது. குறுகிய ஃபியோர்டின் இரு சுவர்களுக்கு இடையே நீர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்ததால் எழுந்த அதிர்வை உலகெங்கும் உள்ள நிலநடுக்கமானிகள் ஒன்பது நாட்கள் பதிவு செய்தன. அது என்னவென்று புரிந்து, ஆய்வறிக்கை வெளிவர மறு ஆண்டு ஆகிவிட்டது. சுற்றுலாக் கப்பல்கள் சென்றுவரும் அந்தப் பகுதியில் அன்று யாரும் இல்லாததால் உயிரிழப்பு நேரவில்லை.

இவற்றைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அல்ல. தள்ளி நின்று பார்ப்பதற்கே அங்கே நிறைய இருக்கிறது. படகின் விசையை நிறுத்தியதும், மிதக்கும் சிறு பனிக்கட்டிகளிலிருந்து எண்ணெயில் கடுகு பொரிவதுபோன்ற ஓசை எழும். பல நூற்றாண்டுகளுக்கு முன் விழுந்த பனியோடு சேர்ந்து அழுந்திய காற்றுக்குமிழிகள், பனி உருகும்போது வெடிக்கும் ஓசை அது. சுவரில் அண்மையில் பெயர்ந்த இடம் மட்டும் அடர்நீலமாக இருக்கும். அழுத்தத்தால் குமிழிகள் குறைந்து இறுகிய பனி, ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தைத் திருப்பி அனுப்புவதே காரணம். வெயிலும் காற்றும் பட்டபின் அது வெளுத்துவிடும். எனவே நீலத்தை வைத்தே எந்த இடம் புதிதாக உடைந்தது என்று சொல்லிவிடலாம்.

சுவரின் அடியில் ஓரிடத்தில் நீர் மட்டும் பழுப்பாகக் கலங்கியிருந்தால் அங்கே பாருங்கள்: பனியாற்றுக்கு அடியில் ஓடிவரும் உருகுநீர் அங்கேதான் கடலடியிலிருந்து மேலே கிளம்புகிறது, தன்னோடு சிற்றுயிர்களையும் தூக்கிக்கொண்டு வருகிறது. அவற்றைக் கொத்துவதற்காகக் கடற்காகங்களின் சிறு இனமான கிட்டிவேக் பறவைகள் கூட்டமாக மொய்க்கும். மிதக்கும் பனித்தட்டில் தாடிவைத்த கடல்நாய் ஒன்று படுத்திருந்தால் அதன் முகத்தைத் தொலைநோக்கி வழியே கவனியுங்கள். கடலடிச் சேற்றை முகத்தால் கிளறி உண்பதால், அதிலுள்ள இரும்புச்சத்து படிந்து, சிலவற்றின் முகம் துருப்பிடித்ததுபோல் செம்பழுப்பாக இருக்கும்.

எனக்கு வயது அறுபத்தைந்து; மூட்டுவலி உண்டு. பனியாற்றின் மேல் நடக்க முடியுமா? முடியாவிட்டால் இந்தப் பயணமே வீணா?

பனியாற்றின் மேல் நடப்பது நீங்கள் எண்ணுவதுபோல் வழுக்கலான வேலை அல்ல. இரும்பு முள் பொருத்திய காலணி பனியை நன்றாகவே கவ்விப் பிடிக்கும். கடினம் அங்கே போய்ச் சேர்வதில்தான். லாங்யியர்பியெனுக்கு அருகிலுள்ள லாங்யியர், லார்ஸ் பனியாறுகளுக்குப் போக, பனியாறு கொண்டுவந்து கொட்டிய கற்குவியலின் மேல் ஏற வேண்டும். ஒவ்வொரு கல்லும் காலடியில் உருளும். இறங்கும்போது முழங்காலுக்கு அது பெரும் சோதனை. உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூட்டு நன்றாக இருப்பவர்களும் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. மெல்லிய பனி மூடிய வெடிப்புகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

படகில் போவதற்குத் தடையில்லை. ஆனால் ரப்பர் படகில் ஏறுவது எப்படி என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கி, மாலுமி உங்கள் முன்கையைப் பற்ற, நீங்களும் அவர் முன்கையைப் பற்றிக்கொண்டு, ஆடும் படகின் காற்றுக்குழாய்மீது ஓர் அடி வைத்து உள்ளே இறங்க வேண்டும். கரையில் துறைமேடை இருக்காது. காலை வெளியே போட்டு, கணுக்காலுக்கு மேல் வரும் நீரில் இறங்கி நடக்க வேண்டும். வீட்டில் கட்டில் உயரத்துக்குக் காலைத் தூக்கிவைத்து ஏற முடிகிறதென்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கரையிறங்காமல் படகிலேயே பனிமுகப்பைச் சுற்றிவரும் பயணங்களும் உண்டு. அவற்றில் இழப்பது அதிகமில்லை.

லாங்யியர்பியென் மருத்துவமனை சிறியது. கடுமையான நோயாளிகளை ஏறத்தாழ 950 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துரோம்சோவுக்கு விமானத்தில்தான் கொண்டுபோவார்கள். மீட்புச் செலவையும் விமான இடமாற்றத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

துருவக் கரடியை அருகில் பார்க்க முடியுமா?

அருகில் பார்க்க முடிந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள். ஸ்வால்பார்டில் மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டரும், மற்ற மாதங்களில் 300 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம். கரடியைத் தொடர்ந்து செல்வதும், ஈர்ப்பதும் குற்றம். குடியிருப்புக்கு வெளியே செல்பவர்கள் கரடியை விரட்டுவதற்கான கருவியை வைத்திருக்க வேண்டும். ஆளுநர் அலுவலகம் துப்பாக்கியும் வைத்திருக்கப் பரிந்துரைக்கிறது. இதனால் சுற்றுலாப் பயணி தனியாக ஊர் எல்லையைத் தாண்டி உலாவப் போவது அறிவுடைமை அல்ல. நல்ல இருகண் தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; கரடி தென்படாத பயணங்களும் நிறையவே உண்டு.

உடை பற்றிச் சொல்லுங்கள்.

உடலை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் வெப்பம் காக்கும் தடித்த அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கியும் கால்சட்டையும். பருத்தி வேண்டாம், நனைந்தால் உலராது. கோடையில் லாங்யியர்பியெனில் வெப்பநிலை பெரும்பாலும் 5 முதல் 8 பாகை செல்சியஸ் வரை இருக்கும், ஆனால் ஓடும் படகில் காற்று அதை உறைநிலை ஆக்கிவிடும். கையுறை இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள். நீளமான ரப்பர்க் காலணியைப் பல கப்பல்களில் இரவலாகத் தருகிறார்கள். முன்பே கேட்டுவிட்டால் பெட்டியில் இடம் மிச்சமாகும். லாங்யியர்பியெனில் பல விடுதிகளில் வாசலிலேயே காலணியைக் கழற்றச் சொல்வார்கள். நிலக்கரிச் சுரங்கக் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது.

பனியாறுகள் பின்வாங்குகின்றன என்கிறார்கள். ஆனால் ஸ்வால்பார்டில் ஒரு பனியாறு முன்னேறியது என்றும் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. ஸ்வால்பார்டின் பல பனியாறுகள் பல பத்தாண்டுகள் சோம்பிக் கிடந்து, மேற்பகுதியில் பனி திரண்டு, அடியில் நீரழுத்தம் கூடியதும் திடீரென வேகமாகப் பாயும் இயல்புடையவை. வடகிழக்குத் தீவின் ஆஸ்ட்ஃபொன்னா பனிக்கவிகையைச் சேர்ந்த பிரோஸ்வெல் பனியாறு 1930களின் பிற்பகுதியில் இப்படிப் பல கிலோமீட்டர் கடலுக்குள் பாய்ந்தது. அவ்வாறு பாயும்போது பனி புதிதாக உண்டாவதில்லை. மேலே இருந்தது கீழே வருகிறது, கடலில் விழுந்து விரைவாகவே தொலைகிறது. முகப்பு எங்கே நிற்கிறது என்பதைவிட, ஓராண்டில் விழுந்த பனிக்கும் இழந்த பனிக்கும் உள்ள வேறுபாடே உண்மையான கணக்கு. அந்தக் கணக்கில் இழப்பே மிகுதி.

கோங்ஸ்ஃபியோர்டில் இதைக் கண்ணாலேயே காணலாம். ப்லோம்ஸ்ட்ராண்ட் என்ற பாறை நிலத்தை வரைபடங்கள் நெடுங்காலம் தீபகற்பமாகவே காட்டின. அதை நிலத்தோடு பிணைத்திருந்த பனியாறு 1990களில் பின்வாங்கியபோது, அது ஒரு தீவு என்பது தெரியவந்தது. இன்று இடையிலுள்ள நீர்வழியில் படகுகள் போகின்றன.

உருகிக்கொண்டிருக்கும் பனியைப் பார்க்க விமானத்தில் பறந்து, கப்பலில் எண்ணெய் எரித்துப் போவது முறையா என்று என் மகள் கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

உங்கள் மகளின் கேள்வி நியாயமானது; அதைச் சமாளிக்க முயல வேண்டாம். 1979 முதல் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2020 ஜூலையில் லாங்யியர்பியென் 21.7 பாகை செல்சியஸ் வெப்பத்தைப் பதிவு செய்தது. அங்கே போய்ப் பார்ப்பவர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் காவலர்களாகத் திரும்பிவருகிறார்கள் என்ற வாதத்தைப் பயண நிறுவனங்கள் விரும்பிச் சொல்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போகாமலிருப்பதும் மதிக்கத்தக்க முடிவே. போவதென்று தீர்மானித்தால், நீண்ட விமானப் பயணம்தான் சுமையின் பெரும்பங்கு என்பதால், ஒரே முறை போய், அதிக நாள் தங்கி, ஓரிரு ஃபியோர்டுகளோடு நிறுத்திக்கொள்வது குறைந்த கேடு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு துருவம் என்று பட்டியல் வைத்துக்கொண்டு டிக் அடிப்போரிடம் உங்கள் மகள் இதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்கலாம்.

கோங்ஸ்ஃபியோர்டில் இருக்கும் இந்திய ஆய்வு நிலையத்தைப் பார்க்க முடியுமா?

வெளியிலிருந்து பார்க்கலாம். ஹிமாத்ரி நிலையம் 2008ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று நி-ஓலெசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில் திறக்கப்பட்டது. 2023 டிசம்பர் முதல் குளிர்காலத்திலும் அங்கே ஆய்வாளர்கள் தங்குகிறார்கள். ஃபியோர்டின் நீருக்கடியில் 2014இல் நிறுவப்பட்ட இந்திய அளவுக்கருவித் தொகுதி, அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீர் பனியாறுகளின் முகப்பை எப்படித் தாக்குகிறது என்பதை அறிய உதவுகிறது. கப்பல் அங்கே நின்றால், குறிக்கப்பட்ட பாதையில் நடந்து கட்டடங்களைக் கடந்து செல்லலாம். கதவைத் தட்டி உள்ளே போக முடியாது. ரேடியோ தொலைநோக்கிக்கு இடையூறு நேராதிருக்க, கரையிறங்கும் முன்பே கைப்பேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைக்கச் சொல்வார்கள். 1926இல் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினரின் நோர்கே வான்கப்பல் வடதுருவத்தை நோக்கிக் கிளம்புமுன் கட்டப்பட்டிருந்த கம்பம் ஊருக்கு வெளியே இன்றும் நிற்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

நினைவாகக் கரையிலிருந்து ஒரு கல்லோ எலும்போ எடுத்துவரலாமா?

வேண்டாம். ஸ்வால்பார்டில் 1946க்கு முற்பட்ட மனிதத் தடயங்கள் அனைத்தும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. திமிங்கில வேட்டையர் விட்டுப்போன எலும்பும், இடிந்த குடிசையின் மரத்துண்டும், துருப்பிடித்த ஓர் ஆணியும்கூட அதில் அடங்கும். எடுத்தால் மட்டுமல்ல, இடம் மாற்றி வைத்தாலும் குற்றம். பூவைப் பறிப்பதும் கூடாது. கொண்டுவருவதில் இருக்கும் அதே கண்டிப்பு கொண்டுபோவதிலும் உண்டு: வேற்றிட விதைகள் அந்த மண்ணில் விழாதிருக்க, கரையிறங்கும் முன் காலணியின் அடிப்பள்ளங்களையும் பையின் மடிப்புகளையும் மேலங்கியின் ஒட்டுப்பட்டைகளையும் தூரிகையால் சுத்தம் செய்யச் சொல்வார்கள். ஒட்டுப்பட்டையில் சிக்கிய புல்விதையை எடுக்கக் குண்டூசி வசதி. கிளம்பும் முன் வீட்டிலேயே இதை முடித்துவிட்டால், கப்பலின் தளத்தில் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.